பத்து வருஷத்தில் வந்துவிடும்

"எப்பா, மூக்கு அரிக்குது" என்றாள் உலகம்மாள். எந்தப் பக்கம் என்று பால்வண்ணன் கேட்டார், நடுவுல என்றாள், அவர் ஆள்காட்டி விரலின் பின்புறத்தால் மகளின் மூக்கை மெல்லத் தேய்த்துவிட்டார். அவளுக்கு இரண்டு முழங்கையிலும் ஊசி ஏறியிருந்தது. மடக்கக் கூடாது, மடக்கினால் மெஷின் கத்தும், முடிய மத்தியானம் ஆகிவிடும் என்று மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜோயல் காலையிலேயே சொல்லியிருந்தார். ஒரு கையிலிருந்து ரத்தம் போனது, மெஷினுக்குள் சுற்றியது, வெள்ளை அணுக்களில் வேண்டியதை மட்டும் மேலே தொங்கிய சின்னப் பைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை மறு கை வழியாகத் திருப்பிக் கொடுத்தது. தண்ணீர் விட்ட மாதுளைச் சாறு போல ஏதோ ஒன்று பையில் சேர்ந்துகொண்டிருந்தது. பை நிறைந்தால் போதாது, அதற்குள் வேண்டிய அணுக்கள் வேண்டிய அளவு இருக்க வேண்டும், வருஷக்கணக்காக அவள் தின்ற மாத்திரைகள் அவற்றைக் குறைத்துப் போட்டிருக்கின்றன, போதவில்லை என்றால் இந்தச் சோதனை வைத்தியத்தில் அவளுக்கு இடம் இல்லை. இடம் இல்லை என்றால் என்ன என்பதை டாக்டர் நிலோஃபர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, அவளுடைய சிறுநீரில் நுரை எவ்வளவு என்பது பால்வண்ணனுக்கே தெரியும், அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் நுரைத்தது. இங்கே எடுப்பதை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ப் பழக்கிப் பெருக்கித் திரும்ப அவளுக்குள்ளேயே ஏற்றுவார்களாம், அவை போய் அவள் உடம்பின் மேல் தப்பான பகை கொண்டு திரிகிற கூட்டத்தைத் தேடித் துடைத்துவிடுமாம், அப்புறம் புதிதாக முளைப்பவற்றுக்கு அந்தப் பகை தெரியாதாம். "கும்கி ஆனை மாதிரிப்பா" என்று நேற்று ரயிலில் வரும்போது உலகு சொன்னாள், "என் செல்லுல கொஞ்சத்தைப் பிடிச்சு, பழக்கி, என் செல்லையே விரட்ட விடுதாங்க." அவர் சிரித்தார். அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் சிப்பாய்க் கதையைத்தான் சொன்னார்கள், இத்தனை வருஷமாக, இத்தனை டாக்டர்களும், ஏதோ ஒரே பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மாதிரி: நம்ம உடம்புல சிப்பாய்கள் இருக்காங்க, எதிரியைச் சுட வேண்டியவங்க, உங்களுக்கு அவங்க சொந்த நாட்டையே சுடுறாங்க. அதைச் சொல்லிவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் புன்னகை வேறு. உன் உடம்பே உனக்கு எதிரி என்று ஒரு பொம்பளையிடம் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட எப்படி மனசு வருகிறது. உலகுவின் அம்மா ஆவுடைத்தங்கம் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே வந்தாள், யாரோ ஒருத்தியின் கையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. குற்றாலம் விலக்கு தாண்டியதும் கேட்டாள்: "எனக்கு நான் என்ன செஞ்சேன்?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அவருடைய மருமகள் வெகுநேரமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் கேட்டுவிட்டாள், பாப்பாவுக்கு எந்த ஸ்டேஜ். ஸ்டேஜ் எல்லாம் இல்லை, இது கேன்சர் இல்லை என்றார் பால்வண்ணன். "அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?" அவள் கேட்டதில் குற்றம் இல்லை. இது புற்றுநோய்க்காரர்களின் வார்டு, அணுக்களை எடுத்துப் பழக்குகிற வேலை முதலில் அவர்களுக்காகத்தான் வந்தது. லூப்பஸ் என்றார். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "தோல் வியாதியா?" என்றாள். உலகு கண்ணை மூடியபடியே, "ஆமாக்கா, தோல், மூட்டு, கிட்னி எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ்" என்றாள். அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கிழவரின் காலைப் பிடித்துவிடத் திரும்பிக்கொண்டாள். கேன்சர் என்றால் வரிசையில் வழி விடுகிறார்கள், ரயிலில் கீழ்ப்படுக்கையை மாற்றிக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் சொன்னால் வாயைப் பார்க்கிறார்கள், மேலுக்குப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கா என்கிறார்கள். உலகு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை தோறும் வெயிலில் பிரேயர், வெயில் பட்டால் தனக்கு ஆகாது என்று இவள் போய்ச் சொன்னதற்கு, மத்த டீச்சர் எல்லாம் நிக்கலையா, அவங்களுக்கு மட்டும் என்ன இரும்புத் தோலா என்று கேட்டாளாம் தலைமையாசிரியை. நின்றாள். நாலாம் திங்கட்கிழமை முகத்தில் இரண்டு கன்னமும் சிவந்து தடித்து எழுந்தது, அவளுடைய அம்மாவுக்கு எழுந்த அதே இடத்தில், அதே வடிவத்தில். அம்மாவுக்கு எழுந்தபோது பிறந்த வீட்டுக்காரர்கள் சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கரைத்துப் பூசச் சொன்னார்கள், பூசினாள், மூன்றாம் வாரம் சிவப்பு தணிந்தது. மண்ணின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அது பாட்டுக்கு மண், கேட்டவர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது. நோய்தான் அப்படி. தானாக வரும், தானாகத் தணியும், தணிகிற சமயத்தில் பக்கத்தில் நின்றவன் எல்லாம் வைத்தியன். வல்லாரை கொடுத்தவன் நான்தான் குணமாக்கினேன் என்றான், உப்பை விடச் சொன்னவன் நான் என்றான், ராகுவுக்குப் பரிகாரம் சொன்னவன் நேரில் வந்தே சொல்லிவிட்டுப் போனான். மறுபடி எழுந்தபோது ஒருத்தனும் வந்து நான்தான் என்று சொல்லவில்லை. அப்போது மட்டும் அது அவளுடைய குற்றமாகிவிட்டது: மண்ணைப் பூசிவிட்டுக் கருவாடு தின்னிருப்பா, மனசுக்குள்ளேயே வச்சுப் புழுங்குனா உடம்பு தன்னையேதான் திங்கும். அதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, ஆவுடையின் சொந்த அண்ணன் சங்கரநயினார்.

மெஷின் ஒருமுறை பீப் என்றது, ஜோயல் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்க பால்வண்ணனுக்கு நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்வார்கள். முப்பது வருஷம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவருக்கு, கேட்கிறவனுக்கு எதையாவது சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று தெரியும். கூண்டு ஜன்னலுக்கு வெளியே மூட்டையும் பிள்ளையுமாக வந்து நிற்பார்கள், சுரண்டை பஸ் எப்ப வரும் ஐயா. பக்கத்தில் பொரிகடலை விற்கிறவர் அதற்குள் பதில் சொல்லிவிடுவார், இந்தா வந்துரும், பத்து நிமிஷம். அவருக்கு அதில் நஷ்டம் இல்லை, நிற்கிற வரைக்கும் பொரிகடலை வாங்குவார்கள். பால்வண்ணன் சொல்ல மாட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வண்டி கிளம்பிய தகவல் கையில் இருந்தால் வரும் என்பார், இல்லாவிட்டால் தெரியாதும்மா, நேரமானா வேற வண்டியில போயிருங்க என்பார். முசுடு என்று பெயர் வாங்கினார். பிள்ளைத்தாச்சி ஒருத்தியைப் பத்து நிமிஷம் என்று சொல்லிச் சாயங்காலம் வரை நிற்க வைப்பதைவிட முசுடாக இருப்பது மேல். அப்படிப்பட்டவரிடம்தான் திருநெல்வேலியில் ஒரு டாக்டர், ஊரெல்லாம் கைராசி என்று பேர் வாங்கியவர், ஆவுடையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவரை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னார், கவலைப்படாதீங்க, உலகம் பூரா ஆராய்ச்சி நடக்கு, இன்னும் பத்து வருஷத்தில் இதுக்கு மருந்து வந்துரும். எங்கிருந்து கிளம்பியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். எந்த ஊரில் நிற்கிறது, யார் ஓட்டுகிறான் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்காமல், கதவைத் திறந்துகொண்டு போய் அந்தப் பத்து வருஷத்தை அப்படியே ஆவுடையிடம் கொடுத்தார், இளநீர் வாங்கிக் கொடுப்பது போல. அவள் உடனே கணக்குப் போட்டாள். "அப்ப உலகு காலேஜ் போகையில நான் நல்லாயிருவேன்." அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சிரித்த முகமாக இருந்தாள். பிறகு சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. உலகு காலேஜுக்குப் போன முதல் நாள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பி வந்தவருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது, இந்தா, இன்றைக்குத்தான் வர வேண்டும், எங்கே வண்டி. அந்தச் சூடு அப்புறம் இறங்கவே இல்லை. மகளுக்கும் அதே நோய் என்று தெரிந்தபோது வேறொரு டாக்டர், முந்தியவருக்கு மகன் வயசு இருக்கும், இப்பக் காலம் மாறிருச்சு சார், செல் தெரப்பி எல்லாம் வந்துக்கிட்டு இருக்கு, இன்னும் ஒரு பத்து வருஷம் என்றார். பால்வண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்து நின்றார், அவ்வளவுதான், அந்த ஆள் எதற்கு என்று விளங்காமல் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"உதடு மதமதன்னு மரத்துப்போகுது" என்றாள் உலகு. அவர் ஜோயலைக் கூப்பிட்டார். ரத்தம் மெஷினுக்குள் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து உடம்பில் சுண்ணாம்புச் சத்தைக் குறைக்கும், வேற ஒண்ணும் இல்ல என்று சொல்லி ஜோயல் ஒரு மாத்திரை கொடுத்தார். பால்வண்ணன் அதை அவள் வாயில் வைத்து, தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுப் பிடித்தார். "குடுக்கிற வேகத்தைப் பாருங்கண்ணே, எங்கப்பா என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தப்போற மாதிரி முழிக்காரு" என்றாள் அவள் ஜோயலிடம். ஜோயலுக்கு நாற்பது வயதிருக்கும், பேசப் பிரியப்படுகிற மனுஷன். "இந்தப் பாடெல்லாம் கொஞ்ச காலந்தான் சார். இப்ப அவங்கவங்க செல்லை எடுத்து, அனுப்பி, வாரக்கணக்கா காத்திருக்கோம். இனிமே நல்லா இருக்கிற யாரோ ஒருத்தர் செல்லை எடுத்து மொத்தமா செஞ்சு ஃப்ரீசர்ல அடுக்கி வச்சிருவாங்க. வேணுங்கிறவங்களுக்கு எடுத்து ஏத்த வேண்டியதுதான். அப்புறம் எடுக்கவே வேண்டாம், உள்ளுக்கே ஊசியப் போட்டு உடம்புக்குள்ளயே பழக்கிறது. அதுவும் பார்த்துக்கிட்டு இருக்காங்க." எப்ப என்று பால்வண்ணன் கேட்கவில்லை, கேட்டால் அந்தப் பத்து இந்த நல்ல மனுஷன் வாயிலிருந்தும் வந்து விழும் என்று பயந்தார். யாரோ ஒருத்தர் என்ற சொல்தான் உள்ளே மாட்டிக்கொண்டது. ஃப்ரீசரில் பை பையாக யாரோ ஒருத்தருடைய உயிர். அதற்கு முன்னால் சங்கரநயினாரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கேட்பார் என்று நினைத்ததும் பால்வண்ணனுக்கு வாய் கசந்தது. எந்தத் தெரு என்று கேட்பார். அன்றைக்கும் அதைத்தான் கேட்டார். ஆவுடைக்கு ரத்தம் வேண்டும், இரண்டு பாட்டில் உடனே வேண்டும் என்று சொன்னதும் டிப்போவிலிருந்து கண்டக்டர் செங்கோட்டையா பையைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தான், அவனுக்கு அவளுடைய ரத்தப் பிரிவுதான், வரும்போதே சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சங்கரநயினார் அவனை மறித்து, ரொம்ப மரியாதையாக, காப்பி குடிக்கியளா என்று கேட்டு, ஊரு எது என்று கேட்டு, ஊர்ல எந்தத் தெரு என்று கேட்டார். அவன் சொன்னான். சொல்லும்போதே மடக்கிய கையை இறக்கிவிட்டான். "எங்க ஆளுகளே வந்துக்கிட்டு இருக்காவ தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார் சங்கரநயினார். மருந்து வாங்கப் போயிருந்த பால்வண்ணன் திரும்பி வருவதற்குள் செங்கோட்டையா படியிறங்கிப் போய்விட்டிருந்தான். எங்க ஆளுகள் சாயங்காலம் வந்தார்கள். அந்த மத்தியானம் முழுதும் ஆவுடை குளிருது குளிருது என்றாள், மேலே இரண்டு கம்பளி போட்டும் குளிர்ந்தது. அந்த ரத்தம் அப்போதே ஏறியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்ல மாட்டார், சொன்னால் அதுவும் பொரிகடலைக்காரர் பேச்சுத்தான், சிறுநீரகம் போனது போனதுதான். ஆனால் அந்த ஒரு மத்தியானம் அவளுடையது. கதகதப்பாக இருந்திருக்க வேண்டிய ஒரு மத்தியானம். அதை ஒரு மனுஷன் தெருவின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார், அதற்கு எந்த டாக்டரும் ஒரு சிப்பாய்க் கதையும் சொல்லவில்லை. சொந்த நாட்டையே சுடுகிறவன் யார்.

நினைக்க நினைக்க வந்துவிட்ட மாதிரி போன் அடித்தது, சங்கரநயினார்தான். எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தார், "எடுங்கப்பா, இல்லன்னா சாயங்காலம் வரை அடிப்பாவ" என்றாள் உலகு, எடுத்ததும் ஸ்பீக்கர்ல போடுங்க என்றாள். "மாப்ளே, என்ன காரியம் செய்யுதீரு. எம் மருமவள எலிக்கு மருந்து குடுத்துப் பாக்குற மாதிரி கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்கீராமே. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்ல." பால்வண்ணன் பேசுவதற்குள் உலகு, "எலி நல்லா இருக்கேன் மாமா, இப்பத்தான் தண்ணி குடிச்சேன்" என்றாள். அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. "ஏட்டி, நீ கேட்டுக்கிட்டா இருக்க. மாமா உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஆமா, ஏதோ செல்லு ஏத்துறாங்கன்னாவளே, அது யாரோடது?" "என்னோடதுதான் மாமா." "உன்னோடதா. வேற யாரும் கலக்கலையே? அப்பச் சரி." அப்பச் சரி. பால்வண்ணனுக்குக் காது மடல் சுட்டது. "மச்சான், எது சரி" என்றார். "இல்ல மாப்ளே, அவ சொந்தச் செல்லுதானேன்னு." "சொந்தச் செல்லுதான் மச்சான் அவ கிட்னியத் தின்னுக்கிட்டு இருக்கு. உம்ம தங்கச்சி கிட்னியையும் அவ சொந்தச் செல்லுதான் தின்னுச்சு. சொந்தம்னா சரியாயிருமா." இத்தனை வருஷத்தில் அவர் மச்சானிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. சாவு வீட்டில் கூடப் பேசவில்லை, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது பேசினால் வார்த்தை நிற்காமல் வரும் போலிருந்தது, செங்கோட்டையா பெயர் தொண்டையில் வந்து நின்றது, புற்றுமண், கருவாடு, மனசுக்குள்ள புழுங்குனா, எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. "போனை வைங்கப்பா" என்றாள் உலகு. சத்தமாகச் சொல்லவில்லை. அவர் வைத்தார். அவள் மேலே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காலையில இருந்து உங்க மூஞ்சியப் பாக்கேன். நீங்க அம்மாவுக்காகக் கோவப்பட்டுக்கிட்டு இருக்கீங்க. அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. நான் இங்கன இருக்கேன்ப்பா." அவர் எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, ஏசி ஓடுகிறது என்று நினைவு வந்து திரும்ப மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகள் போயின. இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே இடத்தில் சிவப்பு. எந்த நிமிஷத்தில் இவளை விட்டு அவளிடம் போய்விடுகிறோம் என்று அவருக்கே தெரிவதில்லை. அவளிடம் போனால் ஒரு நிம்மதி, அவள் இனிமேல் சாக மாட்டாள்.

ஊசிகளை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டிய பிறகுதான் டாக்டர் நிலோஃபர் வந்தார், கையில் சின்னத் துண்டுச் சீட்டோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி. பால்வண்ணன் எழுந்து நின்றார். காலையிலிருந்து அவர் இந்த நேரத்துக்காகத்தான் தயாராகிக்கொண்டிருந்தார், பத்து என்று ஒரு சொல் வரட்டும், கவலைப்படாதீங்க என்று ஒரு சொல் வரட்டும், இருபது வருஷத்துக்கும் மேலே சேர்த்து வைத்த கோபத்தை இந்த இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான். டாக்டர் அவரைப் பார்த்து, "அப்பா, வந்தது போதலை. முக்கால்வாசிதான் வந்திருக்கு" என்றார். "அவகிட்டச் சொல்லுங்கம்மா" என்றார் பால்வண்ணன். டாக்டர் திரும்பி, கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, அதையே உலகுவிடம் முதலிலிருந்து சொன்னார். நாளைக்கு இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம், இரண்டையும் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன், உன் நரம்பு தாங்கணும், கை ரொம்ப வலிக்கும். "நாளைக்கும் போதலைன்னா?" என்றாள் அவள். "இப்ப எங்ககிட்ட வேற வழி இல்லம்மா. இந்தச் சோதனையில இருந்து உன்னை எடுத்துருவாங்க. அடுத்தவங்க செல்லை வச்சுச் செய்றது வெளிநாட்டுல சின்ன அளவுல ஆரம்பிச்சிருக்காங்க. இங்க இன்னும் வரலை." "எப்ப வரும்?" என்று கேட்டாள் உலகு. பால்வண்ணன் டாக்டரின் வாயையே பார்த்தார். டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மடக்கிக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியலைம்மா. எனக்குத் தெரியலை. சொல்றவங்களுக்கும் தெரியாது." "இதை ஏத்திட்டா எத்தனை வருஷம் நல்லா இருப்பேன்?" "அதுவும் தெரியாது. முதல்ல ஏத்திக்கிட்டவங்கள்ல கொஞ்சம் பேர் சில வருஷமா ஒரு மாத்திரை கூட இல்லாம இருக்காங்க. சிலருக்குத் திரும்பி வந்திருக்கு. உனக்கு எப்படின்னு சொன்னா அது பொய்." உலகு தலையாட்டினாள். "அப்ப நாளைக்கே எடுங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் போன பிறகும் பால்வண்ணன் நின்றுகொண்டேயிருந்தார். வைத்துவிட வந்ததை வைக்க இடம் கிடைக்கவில்லை. யாரைத் திட்டுவது. ஒரு ஆள் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் திட்டுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது. அந்தச் சூட்டைத் தேடிப் பார்த்தார், அடிவயிற்றில், காது மடலில், எப்போதும் இருக்கும் இடங்களில். இல்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது, வெகு காலமாக அதற்கு அடியிலேயே இருந்திருக்க வேண்டும், போதலை, முக்கால்வாசிதான், நாளைக்கும் போதலைன்னா. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்பா, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் உலகு, அவர் கையைத் தொட்டு. அவர் குனிந்து பார்த்தார், மடியில் கிடந்த இரண்டு கைகளும் அவருடையவைதான், சில்லிட்டிருந்தன. "ஏசி" என்றார். அவள் தன் போர்வையின் ஒரு ஓரத்தை இழுத்து அந்தக் கைகளின் மேல் போட்டாள், போட்டுவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்ணே என்று ஜோயலைக் கேட்டாள்.